பாம்பன் பாலத்துக்குப் பின் எத்தனை நிமிஷம்?

திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஆகாய விமானம் எத்தனை நேரம் பறக்கும்? நானே பறந்து வந்த பிறகும் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

சென்ற ஐப்பசியில், கொழும்பில் வேலை பார்க்கும் என் கணவரிடம் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு புறப்பட்டேன். எங்கள் வீடு உச்சிப்புளிப் பக்கம். எங்களூர்க்காரர்கள் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரிலிருந்து ரயிலில் போவார்கள். அந்த மாதம் கடல் சரியில்லை. பிள்ளைக்குச் சளி விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. விமானத்தில் வரும்படி கணவர் எழுதிவிட்டார்.

மாமியார் சிரித்தார். "கூப்பிடு தூரத்துல இருக்கு சிலோன். இவ வடக்க திருச்சிக்குப் போயி, அங்கனருந்து பறந்து, நம்ம வீட்டுக்கு மேலயே திரும்பி வருவாளாம்!"

கேலிதான். ஆனாலும் உண்மையாக இருக்குமோ என்று என் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் பாம்பன் மேலேயே போயிற்று! திருச்சியிலிருந்து பாம்பன் வரை இரண்டு பங்கு என்றால், பாம்பனிலிருந்து கொழும்பு மூன்று பங்கு.

நூல் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விமானம் கீழே இறங்கும்போது குழந்தைக்குக் காது அடைத்து வலிக்குமாம். அந்த நேரத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி தெரியாதாம். "முன்னாலேயே கொடுத்துவிடாதே, ஒன்றரை மணி நேரப் பயணம்" என்று கணவர் எழுதியிருந்தார். என் பிள்ளையோ பத்து நிமிஷம் குடித்தால் தூங்கிவிடுவான். ஆகவே நேரம் தப்பக் கூடாது.

என் தகப்பனார்தான் திருச்சிவரை கூட வந்தார். விமான நிலையத்தில் சீட்டைப் பார்த்தவரிடம் கேட்டேன். "ஒன்றே முக்கால் மணி. முன்னே பின்னே ஆகும்" என்றார்.

"முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு?"

அதற்குள் அவர் அடுத்தவரின் சீட்டை வாங்கிவிட்டார்.

கூட வந்த என் அய்யா தம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "அய்யா, எப்பருந்து எண்ணணும்? கதவு சாத்துனப்பருந்தா, தரையை விட்டு எழும்புனப்பருந்தா?" என்றேன்.

"அத ஓட்டுறவருட்டல்ல கேக்கணும், ஆத்தா."

கதவு சாத்தியதிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். விமானம் நகராமல் நின்றது. எழும்பியதும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பிள்ளை பசியில் அழுதான். பக்கத்து இருக்கை அம்மாள், "பாலைக் கொடேன், பாவம்" என்றார். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கீழே பாம்பன் பாலம்! கடல் மேல் யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தது போல இருந்தது. கொஞ்சம் மேற்கே எங்கள் வீடு இருக்க வேண்டும். ஒரு பகல் முழுக்க ரயிலில் போன தூரத்தை நாற்பது நிமிஷத்தில் திரும்பி வந்திருந்தேன். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே ஆச்சரியப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு பங்குக்கு நாற்பது நிமிஷம் என்றால் மூன்று பங்குக்கு அறுபது. பாலம் தாண்டி ஐம்பதாவது நிமிஷம் முந்தானையால் மூடிப் பால் கொடுத்தேன். குடித்தான், தூங்கினான். அப்போதுதான் விமானப் பணிப்பெண் வந்து, கொழும்பில் மேகமாக இருப்பதால் சற்று நேரம் சுற்றிக்கொண்டிருப்போம் என்றாள். அட்லஸில் மேகம் ஏது?

இறங்கும்போது பிள்ளை வீறிட்டு விழித்தான். மறுபடி பால் கொடுக்க அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தரையில் இறங்கிக் கணவர் கையில் கொடுத்த பிறகும் அழுகை அடங்கவில்லை. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் பசியோடு காக்க வைத்தது தப்பா, அவசரப்பட்டுக் கொடுத்தது தப்பா என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற தை மாதம் ஊருக்குத் திரும்புகிறேன். எதிர்காற்று இருந்தால் போகும்போது நேரம் கூடுமாம். தூரம் ஒன்றாக இருக்க, நேரம் எப்படி இரண்டாகும்? கைக்குழந்தையோடு விமானத்தில் போய் வந்த சகோதரிகள் யாராவது சொல்லுங்கள்: இறங்கப் போகிறது என்பதைக் கடிகாரம் பார்க்காமல் தெரிந்துகொள்ள அடையாளம் உண்டா? இல்லை, கூச்சத்தை விட்டு அந்தப் பணிப்பெண்ணிடமே சொல்லி வைக்கலாமா?