பட்டாசுக்கு நடுவில் ஒரு மோப்ப நாய்

காட்டில் தொலைந்தவர்களை நாயோடு போய்த் தேடும் தன்னார்வ வேலையில் சம்பளம் கிடையாது, பஸ் காசு கிடையாது, நாய்க்கு மட்டும் பிஸ்கட் உண்டு. நாயைக் குளிப்பாட்டியே ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். என் லேப்ரடார் ஜூலிக்கு ஒருவருடைய வாசனையைக் காட்டினால், அவர் போன வழியிலேயே போய் ஆளைக் காட்டிவிடும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். மற்ற நேரத்தில் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன்.

லீவு

ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறப் போகும்போது எங்கள் குழுவின் நசீர் பாய் போன் செய்தார். டயர் கடை வைத்திருக்கிறார். குழுவுக்கு இருக்கும் ஒரே வேனும் அவருடையதுதான். ஜவளகிரிப் பக்கம் மாதப்பா என்ற பெரியவர் முந்தின நாள் சாயங்காலம் மாட்டைத் தேடிக் காட்டுக்குள் போயிருக்கிறார். மாடு வந்துவிட்டது, அவர் வரவில்லை. சர்க்கரை வியாதி, காது கொஞ்சம் மந்தம், அந்தப் பக்கம் யானை நடமாட்டம் வேறு.

சூப்பர்வைசருக்கு போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். புலம்பிக்கொண்டேதான் லீவு கொடுத்தார். "சித்தப்பா செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா ஒரு கேள்வி கேக்காம குடுத்திருப்பேன் ஸ்டெல்லா. நாய்க்கு வேலை வந்திருக்குன்னு எச்.ஆர்.ல நான் எப்படிம்மா சொல்றது?"

சலவை

மாதப்பாவின் மனைவி ரத்னம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "அவர் போட்ட சட்டை ஒண்ணு எடுத்து வையுங்க" என்று நசீர் பாய் போனில் சொல்லியிருந்தார். அந்தம்மாவும் எடுத்து வைத்திருந்தார். சோப்புப் போட்டுக் கசக்கி, ஈரம் கூடக் காயாமல், மடித்து ஒரு தாம்பாளத்தில் வைத்திருந்தார். ஓசூரிலிருந்து ஆள் வரும்போது அழுக்குச் சட்டையையா நீட்டுவது என்று வீட்டில் கிடந்த அவருடைய துணி அத்தனையையும் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டார். ஜூலி தாம்பாளத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. சோப்புக் கம்பெனியைக் கண்டுபிடிப்பதாக இருந்தால் அப்போதே கிளம்பியிருக்கலாம்.

துவைக்காதது எதுவுமே இல்லையா என்று கேட்டேன். அந்தம்மா தயங்கித் தயங்கி உள்ளே போய், கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கம்பளியைக் கொண்டுவந்தார். மாதப்பா தினமும் போர்த்திப் படுப்பது. அது தண்ணீரைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. கை படாமல் பையில் வாங்கிக்கொண்டேன். "இந்த நாத்தத்தை ஊருக்கே காட்டிட்டேன்னு அவரு வந்தா என்னைத் திட்டுவாரும்மா. திட்டட்டும். வந்து திட்டட்டும்."

வெடி

காட்டோரத்தில் ஊரே கூடித் தேடிக்கொண்டிருந்தது. தேடுவது என்றால் தகரத்தைத் தட்டுவது, கும்பலாகக் கத்துவது, பட்டாசு கொளுத்திப் போடுவது. ராத்திரி பூராவும் இப்படித்தானாம். முதல் வெடிக்கே ஜூலி வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எத்தனையோ சொல்லிக்கொடுத்தோம், தீபாவளி மட்டும் அதற்கு ஏறவில்லை.

கொஞ்ச நேரம் வெடிக்காமல் இருக்க முடியுமா என்று வனத்துறை வாட்சர் கெம்பண்ணாவிடம் கேட்டேன். எனக்கு மூளை இருக்கிறதா என்பது போலப் பார்த்தார். வெடிச் சத்தம் இருந்தால்தான் யானை தள்ளிப் போகும் என்றார். "அவரு இன்சுலின் போட்டுக்கிற ஆளுண்ணா, நேத்துலேர்ந்து ஊசி போடலை" என்றேன். கெம்பண்ணா ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்களோடு தானே கிளம்பினார். "ஆனை வந்தா நாயையும் பாக்க மாட்டேன், உங்களையும் பாக்க மாட்டேன். நான் ஓடுற பக்கம் ஓடி வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

பள்ளம்

சத்தம் அடங்கின பிறகு ஜூலி வெளியே வந்தது. கம்பளியைக் காட்டி "ஹுடுக்கு" என்றேன். பயிற்சி கொடுத்தவர் கர்நாடகாக்காரர், அதனால் தேடச் சொல்வதென்றால் அதற்குக் கன்னடத்தில்தான் சொல்லவேண்டும். மூக்கைத் தரையில் வைத்தது. உண்ணிச்செடி முள்புதருக்குள்ளே என்னை இழுத்துக்கொண்டு போய், கை காலெல்லாம் கிழித்து, தண்ணீர் இல்லாத ஓடையைத் தாண்டி, மண் அரித்த ஒரு பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து குரைத்தது. ஆள் கிடைத்தால் அப்படித்தான் செய்யும்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே, உடம்பெல்லாம் தழையைப் போட்டு மூடிக்கொண்டு, வீங்கின காலோடு மாதப்பா. உயிரோடுதான் இருந்தார். ஜூலியைப் பார்த்து வாயில் விரலை வைத்து, குரைக்காதே என்று சைகை காட்டினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல். கெம்பண்ணா உள்ளே இறங்கித் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஊரே ராத்திரி பூரா தேடியும் ஒரு குரல் கொடுக்காதது ஏன் என்று கோபமாகக் கேட்டார்.

மாதப்பா அவரைவிடக் கோபமாக இருந்தார். "எங்க தேடுனீங்க? என் காதுக்குப் பேச்சா கேக்குது, வெடிதான் கேட்டுச்சு. ஆனையை இந்தப் பக்கமா ஓட்டிட்டு வர்றீங்கன்னு மூச்சைப் புடிச்சிட்டுக் கெடந்தேன். நீங்க வெடிக்க வெடிக்க நான் இன்னும் உள்ளேயில்ல போனேன்."

தொலைந்தவரைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் பாதிதான், மீதிப் பாதி அவரைத் தேடிக்கொண்டிருக்கும் அன்பானவர்களை வீட்டுக்கு அனுப்புவது.