அப்பா வெயிலில் வைத்த மூன்று மூடிகள்

அப்பா இறைவனடி சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இப்படியான நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அது முழுதாக வராது என்பது உறவுகளுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஓலைத்தொடுவாயில் பிறந்தார். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கடலுக்குப் போக உடம்பு இடங்கொடாமல் போனபோது மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டித் தோட்டவெளிப் பக்கம் விற்கத் தொடங்கினார். நிறையில் ஒருநாளும் குறைத்ததில்லை. எங்கள் மூவரையும் படிக்கவைத்தது அந்த மோட்டார் சைக்கிள்தான்.

உப்புக்காற்று அதன் பெற்றோல் தாங்கியை அரித்தது. எந்தப் பெயின்ற் நிற்கும் என்று அப்பா தானே சோதித்தார். மூன்று பால்மா டின் மூடிகளில் மூன்று விதப் பெயின்ற் அடித்து வெயிலில் வைத்து, தினமும் கடல்தண்ணீர் தெளித்தார். கடைசியில் பெற்றோல் விட்டார். சாதாரணப் பெயின்ற் உப்புக்கே போய்விட்டது. படகுக்கு அடிப்பது உப்புக்கு அசையவில்லை. பெற்றோல் பட்டதும் உரிந்து வந்தது. ஹாட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் கார் பெயின்ற் மட்டும் இரண்டுக்கும் நின்றது. படகுகளைத் திருத்திப் பெயின்ற் அடிக்கும் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கார் பெயின்றில் நீலம் ஒரு டின் வாங்கி, தாங்கியையும் கழற்றி, அடித்துத் தரும்படி அப்பா அவரிடமே கொடுத்தார்.

தாங்கி பளபளவென்று திரும்பி வந்தது. மாரி முடியுமுன்னே பெற்றோல் விடும் மூடியைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்தது.

அந்த வருடத் திருவிழாவில் கோயில் வாசலில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளும் அதே நீலத்தில் நின்றது. அப்பா பெற்றோல் நனைத்த துணியால் அதன் தாங்கியைத் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற எங்களுடையதைத் துடைத்தார். துணி நீலமானது. அப்பா வாங்கிக் கொடுத்த டின் எந்தத் தாங்கிக்குப் போனதென்று விளங்கியது.

"கேளுங்கோ அப்பா," என்றேன்.

"என்னத்தைக் கேக்கிறது பிள்ளை? அவன் என்ர தம்பி."

அடுத்த மாரியில் தாங்கி ஓட்டையானது. அப்பா மீன்பெட்டியோடு பஸ்சுக்குக் காத்து நின்றார். அவர் இளைத்துப்போனது அந்த நாட்களில்தான். கடைசிவரை தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேற்றாள் செய்திருந்தால் நான் மறந்திருப்பேன். இதை என்னால் மறக்க முடியவில்லை.

போன மாதம் கல்லறைச் சிலுவைக்கு அடிக்கச் சித்தப்பா ஒரு டின்னோடு வந்தார்.

"அண்ணன்ர சிலுவைக்கு நான்தான் பிள்ளை அடிக்கோணும்."

நான் ஒரு பால்மா டின் மூடியை நீட்டினேன். "முதல்ல இதில அடியுங்கோ சித்தப்பா. காஞ்ச பிறகு பெற்றோல் விட்டுப் பாப்பம்."

அவர் மூடியைப் பார்த்தார். டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சிலுவையில் யாரும் பெற்றோல் ஊற்றப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரத் தம்பிக்கும், செபமாலை சொல்ல வந்த அயலவர்களுக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுமந்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். அப்பா இருந்திருந்தால் அவர் பெயரை முதலில் போடச் சொல்லியிருப்பார். நான் கடைசியில் போட்டிருக்கிறேன்.

மூத்த மகள்