இல்லையப்பன் சவரம் செய்துகொண்ட மதியம்

அந்தத் தெருவில் சலூன்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் இல்லையப்பன்தான். கடவுள் இல்லை, பேய் இல்லை, விதி இல்லை, செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்று பொழுதுக்கும் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை உண்டு. யாராவது "உங்க கை ராசியான கை" என்று சொல்லிவிட்டால் மட்டும் முகம் சுருங்கும். "ராசியாவது ஒண்ணாவது, பழக்கம்" என்பார்.

ஆள் தங்கமானவர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவரிடம் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. முடி வெட்டும்போது மழை, பஸ் கட்டணம், தெரு வம்பு என்று பட்டும் படாமல் பேசுவார். நுரை போட்டு, நாற்காலியைச் சாய்த்து, கத்தி தாடைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் விஷயத்துக்கு வருவார். "மேல இருந்து பாத்துட்டே இருக்காருன்னு சொல்றீங்களே, போன வாரம் பள்ளிக்கூட வேன் கவுந்தப்ப எந்தப் பக்கம் பாத்துட்டிருந்தாரு?" கழுத்தில் கத்தி இருக்கும்போது எவர் எதிர்வாதம் செய்வார்? "ம்" என்பார்கள். அந்த "ம்" இல்லையப்பனுக்குச் சம்மதம். அன்றைக்கு வீட்டுக்குப் போய், "இன்னிக்கு ஒருத்தனைத் தெளிய வச்சுட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேடிக்கை என்னவென்றால், மதப் பிரசங்கம் செய்ய வருபவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் துண்டுப் பிரசுரங்களோடு இரண்டு பேர் அவ்வப்போது வாசலில் வந்து நிற்பார்கள். "வேலை செய்யுற இடத்துல வந்து ஆள் பிடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று விரட்டுவார். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருமுறை பொறுக்க முடியாமல் சொன்னார்: "அவங்களாவது வாசல்ல நின்னு, வரலாமான்னு கேக்கிறாங்க. நீ கத்தியைக் காட்டிப் பேசுற ஆளாச்சே!" கடையே சிரித்தது. இல்லையப்பனும் சிரித்தார். அது தனக்குச் சொன்னது என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

அவருடைய ஒரே தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில், லிஃப்ட் ஓடும் இருட்டுப் பள்ளத்துக்குள் இறங்கிக் கம்பி மாற்றுகிற, எண்ணெய் போடுகிற வேலை. பக்திமான். ஆனால் அந்தப் பக்தியை வாசலுக்கு வெளியே கொண்டுவராத மனிதர். தினமும் காலையில் வீட்டின் பின்னறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே யாரோ இருப்பதுபோலக் கொஞ்ச நேரம் பேசுவார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பிரசங்கக்காரர்களை அவருக்கும் பிடிக்காது. "நான் பேசுறது எனக்கும் அவருக்கும் நடுவுல. அடுத்தவனை எதுக்கு இழுக்கணும்?" என்பார்.

வார விடுமுறையில் இல்லையப்பன் தங்கை வீட்டுக்குப் போவார். மாப்பிள்ளைக்குப் பாசத்தோடு சவரம் செய்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவார். அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளையோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். மாப்பிள்ளை இடிந்து போயிருந்தார். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரம் அது. நம் ஆளுக்கு நாக்கு சும்மா இருக்குமா? அந்த வாரமும் கத்தி தாடைக்குக் கீழே இறங்கியதும் ஆரம்பித்தார்.

"அவரும் கும்பிட்டவர்தானே மாப்ள? யாரு தாங்கிப் பிடிச்சா? அந்த ரூம்ல நீங்க சுவத்துக்கிட்ட பேசிட்டிருக்கீங்க."

மாப்பிள்ளை "ம்" என்றார். கண்ணீர் வழிந்து நுரையில் இறங்கியது. மறுநாள் காலை அவர் பின்னறைக் கதவைச் சாத்தினார். அதோடு திறக்கவில்லை. விஷயம் தெரிந்தபோது இல்லையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த வீட்டிலேயே ஒருவரைத் திருத்திவிட்டாரே!

அந்தக் குஷி நீடிக்கவில்லை. மாப்பிள்ளையால் பள்ளத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. விளிம்பில் நின்று நடுங்குகிறார் என்று கம்பெனியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லியாயிற்று. வீட்டில் அவர் பேச்சை விட்டார், தூக்கத்தை விட்டார். சாத்திய கதவுக்கு எதிரே உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அடுத்த அறையில் யாரோ பேசுவதைக் கேட்பவர்போல மணிக்கணக்கில் இருந்தார்.

ஒருநாள் தங்கை கடைக்கே வந்துவிட்டாள். நாற்காலியில் ஆள் இருக்கும்போதே சொன்னாள்: "அண்ணா, நீங்க எடுத்ததைத் திருப்பிக் குடுங்க."

"இல்லாததை எப்படிம்மா குடுக்கிறது?"

"அது உங்க பாடு. எடுக்கத் தெரிஞ்சுதுல்ல? அவர் உங்களை என்னிக்காவது மாத்தப் பாத்தாரா? நீங்க ஏன் அவரைத் தொட்டீங்க?"

அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை.

அடுத்த விடுமுறையன்று மதியம் சவரப்பெட்டியோடு போனார். வெயில் நேரம்தான், ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் மட்டும் தரை ஈரம்போலச் சில்லிட்டிருந்தது. மாப்பிள்ளைக்கு நுரை போட்டார். கத்தியைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனார். வாழ்நாளில் சொல்லாததைச் சொல்ல வாய் திறந்தார்.

"மாப்ள, நான் சொன்னது தப்பு. இருக்காரு. நீங்க பேசுனதைக் கேட்டுட்டுதான் இருந்தாரு."

மாப்பிள்ளை மெல்ல அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இரும்பாக இருந்தது.

"நீங்க உக்காருங்க மச்சான். இன்னிக்கு நான் பண்ணிவிடறேன்."

மறுக்க நினைத்தார். சமையலறை வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தார். மாப்பிள்ளை தன் முகத்து நுரையைத் துடைக்காமலே அவருக்கு நுரை போட்டார். கத்தி கழுத்தில் வந்து நின்றது. மெக்கானிக் கை, கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்னது சரின்னுதான் பேச்சை நிறுத்தினேன் மச்சான். நான் பேசிட்டிருந்தவரைக்கும் அது சத்தமே போடாம இருந்துச்சு. நான் நிறுத்தினதும் அது பேச ஆரம்பிச்சுடுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம். உங்களுக்குக் கேக்குதா?"

வீடு அமைதியாக இருந்தது. குழாய்கூடச் சொட்டவில்லை.

"ம்," என்றார் இல்லையப்பன்.

"சும்மா 'ம்' போடாதீங்க. என்ன சொல்லுது, சொல்லுங்க."

கத்தி நகரவில்லை. எதையாவது சொன்னால் போதும், தங்கை வீடு பிழைத்துக்கொள்ளும், தானும் பிழைத்துக்கொள்ளலாம் என்று இல்லையப்பனுக்குத் தோன்றியது. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"'இறங்கி வா, நான் கீழேதான் இருக்கேன்'னு சொல்லுது."

மாப்பிள்ளையின் கை தளர்ந்தது. கத்தியைத் தட்டில் வைத்தார். முகம் மலர்ந்து, குழந்தைபோல விம்மினார். "அதேதான் மச்சான்! எழுத்து மாறாம அதேதான். எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு பயந்துட்டே இருந்தேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே!"

இல்லையப்பன் தங்கையைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். இந்த வார்த்தையை அவள் இப்போதுதான் கேட்கிறாள். பிறகு அவள் முகத்திலும் வெளிச்சம் வந்தது. புருஷன் பேசிவிட்டாரே, அவளுக்கு அதுவே போதும். சோறு எடுத்து வைக்க உள்ளே ஓடினாள்.

மாப்பிள்ளை முகத்தைக் கழுவிக்கொண்டு, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டார். வேலைச் சட்டையை மாட்டினார். கம்பெனிக்குப் போன் போட்டு, இன்றைக்கே வருகிறேன், எந்தப் பள்ளமானாலும் இறங்குகிறேன் என்றார். பையில் ஸ்பேனர்களை அடுக்கும்போது சீட்டியடித்தார்.

'இறங்கி வா' என்றது எந்தப் பள்ளத்துக்கு என்று அப்போதுதான் இல்லையப்பனுக்கு உறைத்தது. முகம் நிறைய நுரையோடு வாசலுக்கு ஓடி வழியை மறித்தார். "போகாதீங்க மாப்ள. இன்னிக்கு வேணாம்."

"ஏன் மச்சான்? நீங்களும்தானே கேட்டீங்க?"

நான் இட்டுக்கட்டினேன், அங்கே எதுவும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கழுத்தில் இப்போது கத்தியும் இல்லை. அந்த வார்த்தைகளைத் தானாகத்தான் யோசித்தோமா என்று இல்லையப்பன் நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க, அவை எங்கிருந்து வந்தன என்று அவருக்கே தெரியவில்லை. மறித்திருந்த கை கீழே இறங்கியது. மாப்பிள்ளை அவர் தோளை அன்பாகத் தட்டி ஒதுக்கிவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.