கோலிவாடாவில் ஒரு பேறுகால அறை

தாராவியில் கோலி மீனவர்கள் வாழும் கோலிவாடாவில், பழைய ஓட்டுவீடு ஒன்றின் பின்பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்பாதியில் வீட்டுக்கார அம்மா. சித்தி என்ற பொருளில் மௌசி என்று கூப்பிடுவோம். எங்கள் பங்குக்கு ஒரு பெரிய அறையும் அதையொட்டி ஒரு சிற்றறையும். சிற்றறைக்கு ஜன்னல் கிடையாது. குனிந்துதான் நுழைய வேண்டும். தெருச் சத்தம் எட்டாத இடம் என்பதால், மகள் பிறந்ததும் அங்கேதான் உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டினேன்.

மௌசி மீன்கூடையோடு சந்தைக்குப் புறப்படும்போது தினமும் எங்கள் வாசலில் நிற்பார். “பச்சி ரோயீ க்யா?” என்பார். குழந்தை அழுதாளா என்று கேட்கிறார். “இல்லை மௌசி, நன்றாகத் தூங்கினாள்” என்று என் அரைகுறை இந்தியில் பெருமையாகச் சொல்வேன். அவர் உடனே போக மாட்டார். தொட்டில் அசையும்வரை அந்தக் குட்டைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வரச் சொன்னால் கூடை நாறும் என்பார். ஓடு மாற்ற ஆள் வந்த அன்று அவர் கையில் கூடை இல்லை. அன்றும் வெளியே நின்றுதான் வேலை சொன்னார்.

கடலோரக் குடியிருப்புகளில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளை அளந்து, எவற்றைக் காப்பாற்றலாம் என்று மதிப்பிட ஒரு குழு வந்தது. அதில் மாட்டுங்காவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். முன்பக்கத்துச் சிமெண்ட் தரையையும் தகரத் தடுப்பையும் பார்த்து உதட்டைப் பிதுக்கியவள், சிற்றறைக்குள் டார்ச் அடித்ததும் நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி, இது என்ன ரூம்னு தெரியுமா?”

“தெரியாதும்மா. நாங்க வரும்போதே இப்படித்தான் கெடந்துது.”

“பிள்ளை பெத்து பச்சை உடம்போட இருக்கறவா படுத்துக்கற இடம். காத்து படக்கூடாதுன்னு ஜன்னலே வைக்கல. அந்தப் பக்கம் அடுப்பு இருந்திருக்கும், சூடு இந்த மண்சுவர் வழியா வரும். மத்த வீட்டுல எல்லாம் இதை இடிச்சு பாத்ரூம் ஆக்கிட்டா.”

மௌசியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் குட்டைக் கதவுக்கு வெளியே நின்று தலையாட்டினார்.

“கடைசியா இங்க யார் படுத்திருந்தா?”

“நான்தான்,” என்றார் மௌசி இந்தியில். “எனக்கு முதல்ல ஒரு பொண்ணு. பொறந்ததுலேருந்து அழுதுக்கிட்டே இருந்தா. ஒரு நாள் காலைல அழலை.”

அந்தப் பெண் டார்ச்சை அணைத்தாள். தினமும் அவர் எதைக் கேட்க வாசலில் நின்றார், நான் என்ன பதில் சொல்லி அனுப்பினேன்!

மறுநாள் அவர் கேட்பதற்குள், “அழுதா மௌசி, நல்லா அழுதா” என்றேன். நிற்காமல் சந்தைக்குப் போனார்.

தொட்டிலைப் பெரிய அறைக்கு மாற்றினேன். அதன் பிறகுதான் அது தொடங்கியது. பட்டப்பகலில், அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, சிற்றறையிலிருந்து ஒரு சிணுங்கல் கேட்கும். ஓடிப் பார்த்தால் வெறும் இருட்டு. மகள் இந்தப் பக்கம் அயர்ந்து தூங்குவாள்.

“ஏளா, பூனையா இருக்கும். கண்டதையும் நெனைக்காத,” என்றார் கணவர். ஆனால் அவரும் அங்கே வைத்திருந்த தன் பெட்டியை எடுத்துவிட்டார்.

மௌசியின் மகன்கள் வீட்டை இடித்து மாடி கட்ட நினைத்தார்கள். மௌசி தடுக்கவில்லை. அந்த ஓர் அறையை மட்டும் தொடக்கூடாது என்றார். மதிப்பீட்டுப் பெண் மீண்டும் வந்து, வீட்டை இடிக்க வேண்டாம் என்று மகன்களிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“ஒரு ரூமை மட்டும் வெச்சுண்டா அதை வீடுன்னு எழுத முடியாது ஆன்ட்டி,” என்று என்னிடம் வருத்தப்பட்டாள். காக்க வேண்டிய வீடுகளில் அது சேரவில்லை. நாங்கள் செம்பூருக்குக் குடிமாறினோம்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒருமுறை அவளை அழைத்துக்கொண்டு மௌசியைப் பார்க்கப் போனேன். சிமெண்ட் மாடிக்குக் கீழே, பின்பக்கம், மண்சுவர் அப்படியே இருந்தது. அம்மா இப்போது அங்கேதான் படுக்கிறாள் என்று பெரிய மகன் சலித்துக்கொண்டான். மின்விசிறி வைக்கவும் விடவில்லையாம்.

கூப்பிட்டேன். உள்ளேயிருந்து மௌசி பதில் கொடுத்தார். நான் பிடிப்பதற்குள் மகள் உள்ளே ஓடிவிட்டாள். அந்தக் கதவுக்குக் குனிய வேண்டிய உயரம்கூட அவளுக்கு இன்னும் வரவில்லை. இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே அந்தப் பழைய சிணுங்கலும் கேட்டது போலிருந்தது. எது யாருடைய குரல் என்று பிரித்துக் கேட்க முயன்றபடி வெளியிலேயே நின்றேன். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை.