அண்ணனுக்காகக் குத்திய பச்சை

அண்ணன் காய்ச்சலில் இறந்தபோது மாதா கோயிலில் சொன்ன செபமெல்லாம் லத்தீனில்தான் இருந்தது. அதனால் மோட்சத்தில் அந்தப் பாஷைதான் பேசுவார்கள் என்று நான் நம்பிவிட்டேன்.

வைகையில் தண்ணீர் ஓடும்போது அண்ணன் என் கையைப் பிடித்து அக்கரை சேர்ப்பான். "பயப்படாத தாயி, நானிருக்கேன்" என்பான். அதை லத்தீனில் பச்சை குத்திக்கொண்டால், நான் அங்கே போகும்போது என்னை அடையாளம் கண்டுகொள்வான் என்று நினைத்தேன்.

கோயிலில் செபம் சொல்லித்தரும் உபதேசியாரிடம், அதை லத்தீனில் எழுதித்தரச் சொல்லிக் கேட்டேன்.

"ஒங்கண்ணன் தமிழையே எழுத்துக்கூட்டித்தான படிப்பான்?" என்றார்.

"அங்க போயி அண்ணே படிச்சிருக்கும்யா."

அதற்குமேல் அவர் கேலி செய்யவில்லை. பாதிரியாரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து எனக்குப் படித்துக் காட்டினார். "நோலி திமேரே, ஆத்சும்."

சித்திரைத் திருவிழாவுக்குப் பச்சை குத்த வந்திருந்த குறத்தி, தாளைப் பார்த்து என் கையில் கோடு போட்டாள். வலி தெரியாமலிருக்கக் குறத்திகள் பாடிக்கொண்டே குத்துவார்கள். இவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"இன்னிக்கு எனக்குப் பாட்டு வராது ஆத்தா. குத்துறது என்னமோ, அத நீயே சொல்லிக்கிட்டிரு."

சொல்ல ஆரம்பித்தேன். ஊசி இறங்கியதும் லத்தீன் மறந்துபோனது. "பயப்படாத தாயி, நானிருக்கேன்" என்றுதான் வாயில் வந்தது. அண்ணன் போனபிறகு அந்த வார்த்தை என் காதில் விழுந்தது அப்போதுதான். அடக்க முடியாமல் அழுதேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்லக்கா. குத்துங்க."

லத்தீன் இன்னும் கையில் இருக்கிறது. அங்கே என்ன பாஷையோ, எனக்குத் தெரியாது. பயம் வரும்போது அந்த எழுத்தைத் தடவிக்கொண்டு, தமிழில்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.