இரண்டு கல்லூரிக்கு ஒரு மைக்ராஸ்கோப்

சவுரிராயன் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் மடியில் இருந்த மரப்பெட்டி. முகம் அதற்கப்புறம்தான். எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பஸ்ஸில் போய் வந்த பலருக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். அதை அவர் கீழே வைக்க மாட்டார். சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட்டில் உட்கார மாட்டார், குலுங்கும் என்பார். உட்கார இடமில்லை என்றால் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். “உள்ள இன்னாய்யா, வெடிகுண்டா?” என்று கேட்காத கண்டக்டர் கிடையாது.

உள்ளே இருந்தது மைக்ராஸ்கோப். கண்ணில் தெரிவதை அப்படியே போட்டோ பிடிக்கிற ரகம். பெல்ஜியத்திலிருந்து வந்தது.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு கல்லூரி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்லூரியின் பெயர் எதற்கு, விடுங்கள். பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகம், ஹாலந்தில் ஒன்று, இங்கே நாங்கள், விழுப்புரத்தில் இன்னொரு கல்லூரி. நாலு பேரும் சேர்ந்து நிலக்கடலையில், எங்கள் பக்கத்து மல்லாட்டையில், விழுகிற இலைப்புள்ளி நோயை ஆராய்வதற்கு ஐரோப்பாவிலிருந்து நிதி வந்தது. நோய் போகிறதோ இல்லையோ, அவர்களுக்குக் கல்லூரிகள் சேர்ந்து வேலை செய்வதுதான் முக்கியம். தனித்தனியாகக் கேட்டால் ஒன்றும் கிடையாது. அதனால்தான் இரண்டு கல்லூரிக்கும் பொதுவாக ஒரே ஒரு மைக்ராஸ்கோப் கொடுத்தார்கள். மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே.

சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். எங்கள் தாவரவியல் தலைவர் சீனுவாசனும் விழுப்புரத்துத் தலைவர் தாண்டவராயனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதிருந்தே இருவருக்கும் ஆகாது. ஒருவர் கூட்டம் போட்டால் மற்றவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மூன்று வருஷமாக இரண்டு கல்லூரிக்கும் நடுவில் நிஜமாகப் போய் வந்தது சவுரிராயன் ஒருவர்தான். ஐரோப்பாக்காரர்கள் தங்கள் அறிக்கையில் ‘ஒத்துழைப்பு வலைப்பின்னல்’ என்று பெரிய பெயர் வைத்திருந்தார்கள். அந்த வலைப்பின்னல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

அவருக்கு ஓமந்தூர் பக்கத்தில் ஒரு காலனி. அப்பா, தாத்தா எல்லோரும் அடுத்தவர் மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்தவர்கள். இவரும் திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மாதா கோயில் சாமியார் சொல்லி இந்தத் திட்டத்தில் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான், திட்டம் இருக்கும்வரை. ஆனால் காக்கிச் சட்டை வந்த பிறகு ஊர்த்தெருவில் அவரை “டேய்” என்று கூப்பிட்டவர்கள் “இன்னா சவுரி, காலேஜுக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். “அந்த ‘டேய்’ போயிடுச்சி சார்” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவர் மனைவி பொன்னி முட்டி வலியோடு மல்லாட்டை பிடுங்கப் போவதும் நின்றிருந்தது.

அதனால் அவருக்கு ஓயாத பயம். பெட்டியைத் தூக்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சிலுவை போட்டுக்கொண்டு, “அந்தோணியாரே, இது ஒடையாம ஊடு சேரணும்” என்பார். இடம் இங்கேயா அங்கேயா, அவருக்கு இரண்டும் வீடுதான்.

நிதி முடிகிற வருஷம் வந்தது. பெல்ஜியத்திலிருந்து ஒரு அம்மா வந்து இரண்டு கல்லூரியையும் பார்த்துவிட்டுத்தான் நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார் என்றார்கள். ஆயுத பூஜை முடிந்து அடுத்த வாரம் வருவதாக இருந்தது. பூஜைக்கு மைக்ராஸ்கோப் யார் சரஸ்வதிக்கு முன்னால் இருப்பது என்று வருஷா வருஷம் சண்டை வரும். அந்த வருஷம் விழுப்புரத்துக்காரர்கள் ஜெயித்தார்கள். பூஜையை லீவுக்கு முந்தின நாளே போட்டுவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் சவுரி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவரே கதம்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். அந்த அம்மாவின் பயணம் மாறிவிட்டது, நாளைக்கே வருகிறார். காலையில் திண்டிவனம், மதியம் விழுப்புரம், ராத்திரி விமானம்.

சீனுவாசன் சாருக்கு வேர்த்துவிட்டது. விழுப்புரத்துக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை, கல்லூரியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சவுரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“காலைல மொதல் பஸ்ஸுக்குப் போ. பத்து மணிக்குள்ள மிஷின் இங்க இருக்கணும். எங்கன்னு அந்தம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?”

“பூஜைல வச்சிருப்பாங்களே சார்.”

“வச்சிருந்தா எடுத்துக்கினு வா. வேலை வேணுமா, வேணாமா?”

அன்றிரவு அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். தாண்டவராயன் சார் குடும்பத்தோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தார். ஆய்வுக்கூடச் சாவி அவரிடம். சவுரி அவர் வீட்டு வாசலில் குந்திக்கொண்டே இருந்தார். வெயில் ஏறிய பிறகு வந்த தாண்டவராயன் விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

“பூஜைல வச்சத நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். நான் கை வைக்க மாட்டேன்பா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உனக்குத்தான் இதெல்லாம் கெடையாதே. நீ எடுத்துக்கோ. மத்தியானம் அந்தம்மா இங்க வரதுக்குள்ள திரும்பி வந்துடணும்” என்றார்.

“கெடையாதுன்னு யாரு சார் சொன்னது?” என்று சவுரி என்னிடம் கேட்டார். “எனக்குச் சோறு போடறது அதுதான?”

முந்தின நாள் அங்கே பூஜை நடந்தபோது அவர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். பூ அவர் வாங்கியது, ஆனால் உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு உள்ளே போய்த் தொடுவதற்கு அவர் தேவைப்பட்டார். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேஜையில் சிவப்புத்துணி விரித்து, சந்தனம் குங்குமம் இட்டு, கதம்பம் சுற்றி மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தார்கள். லென்சுக்குக்கூடப் பொட்டு. சவுரி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சரஸ்வதி படத்தைப் பார்த்து, “தப்பா நெனச்சிக்காத தாயே” என்று கும்பிட்டுவிட்டுத் தூக்கினார். பூவை எடுக்கவும் மனசு வரவில்லை, குங்குமத்தைத் துடைக்கவும் கை வரவில்லை. அப்படியே பெட்டிக்குள் வைத்தார்.

திண்டிவனத்தில் எங்கள் பாடு சொல்லி மாளாது. ஆபீசைத் திறந்து வைத்து நான் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு வெள்ளை அம்பாசிடர் வந்துவிட்டது. அந்த அம்மா உயரமாக, நரைத்த தலையோடு, எல்லோருக்கும் கை கூப்பினார். பத்து நிமிஷத்தில் கேட்டுவிட்டார், மைக்ராஸ்கோப் எங்கே?

“விழுப்புரத்தில் இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது” என்றார் சீனுவாசன் சார். நாங்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தோம். காபி கொடுத்தோம். தோட்டத்தைக் காட்டினோம். மறுபடியும் காபி கொடுத்தோம். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி, அங்கேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்துவிட்டார். பின்னால் அவரும் சீனுவாசன் சாரும், முன்னால் டிரைவர் பக்கத்தில் நானும் என் பைல்களும். வழி நெடுக எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லாப் பஸ்ஸிலும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஜன்னல்வரைக்கும் மாவிலை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

எனக்குத்தான் தெரியவில்லை. சவுரி எங்களைப் பார்த்துவிட்டார். அவர் வந்த பஸ் விக்கிரவாண்டியில் ஒரு கோயில் முன்னால் நின்று, டிரைவர் கற்பூரம் கொளுத்திப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் கார் எதிர்ப்பக்கம் பறந்தது. ஜன்னல் வழியாகக் கத்தியிருக்கிறார், யார் காதிலும் விழவில்லை. “இன்னாய்யா பேஜாரு பண்ற” என்று கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கிவிட்டார், விழுப்புரத்துக்கே திரும்பிப் போகலாம் என்று.

விழுப்புரத்தில் தாண்டவராயன் சார் சுண்டல் தட்டோடு வரவேற்றார். மைக்ராஸ்கோப் எங்கே என்ற கேள்வி அங்கேயும் வந்தது. இப்போதுதான் திண்டிவனத்துக்குப் போனது என்றார்.

அந்த அம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அங்கே கேட்டால் இங்கே என்கிறீர்கள், இங்கே கேட்டால் அங்கே என்கிறீர்கள், உண்மையில் அப்படி ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறதா என்று மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். சீனுவாசன் சாரும் தாண்டவராயன் சாரும் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றாக எச்சில் விழுங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போச்சு, சவுரி வேலை போச்சு என்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே வழியாகத் திரும்பினோம். விக்கிரவாண்டி தாண்டும்போது சீனுவாசன் சார் திடீரென்று “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார்.

புளியமரத்தடியில், பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சவுரி நின்றிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“இன்னாய்யா இங்க நின்னுக்கினு இருக்கற?”

“ஒக்கார எடமே கெடைக்கல சார். ரெண்டு மூணு பஸ்ஸு வந்துச்சி, எல்லாம் கூட்டம். நின்னுக்கினு போனா பொட்டிய இடிச்சிடுவாங்க சார்.”

அந்த அம்மா இறங்கினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். சவுரி காரின் முன்பக்கத்தில் துண்டை விரித்து, பெட்டியை வைத்துத் திறந்தார். வாடின கதம்பமும் சந்தனமும் குங்குமமுமாக மைக்ராஸ்கோப். லென்சில் சிவப்பாகப் பொட்டு.

“தொடச்சிடலாம்னுதான் இருந்தேன் சார். பூஜைல வச்சது, கை வரல. சொல்லுங்க சார் அவங்ககிட்ட.”

சீனுவாசன் சார் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். வாரா வாரம் போய் வருவது, பெட்டியைத் தரையில் வைக்காதது, இடமில்லாத பஸ்ஸில் ஏறாதது. நாங்கள் கேட்டிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார், பயம் சொல்ல வைத்தது. கேட்கக் கேட்க அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. சவுரியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“இனிமே நீ இப்படி ரோட்டுல நிக்க வேண்டியதில்லன்னு சொல்றாங்க” என்றார் சீனுவாசன் சார்.

சவுரி அழுதுவிட்டார். நான் முன்சீட்டிலிருந்து இறங்கி, அவரைப் பெட்டியோடு காரில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் திண்டிவனம் போனேன். நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றேன், அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த மாதமே செய்தி வந்தது, திட்டம் இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பு. பொன்னி கேப்பை அடை சுட்டுக் கொடுத்தனுப்பினார். ஆபீசில் உட்கார்ந்து அதைப் பிட்டுத் தின்றோம். “ஜீப்பு வாங்குவாங்களா ராஜாமணி சார்?” என்று சவுரி என்னைக் கேட்டார். “ரோட்டுல நிக்க வாணாம்னாங்களே, அப்ப ஜீப்புதான? நான் அதுல பொட்டிய வச்சிக்கினு போவணும், அதான?” அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன்.

பொங்கல் முடிந்து வந்தது ஜீப் இல்லை. பெரிய மரக்கூடு. சவுரிதான் ஆணி பிடுங்கினார். வைக்கோலுக்குப் பதில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அடைத்து, அதற்கு நடுவில் புத்தம்புது மைக்ராஸ்கோப். அச்சு அசல் பழையதைப் போலவே. கூடவே வந்த உத்தரவில் அந்த மனிதரின் கஷ்டத்தை நேரில் கண்டதால் இனி கல்லூரிக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. தூக்கிப் போய் வருவதற்கான வேலை இனி தேவையில்லை என்பதும் அதற்குக் கீழேயே இருந்தது.

யாரைத் திட்டுவது? அந்த அம்மா நல்ல மனசோடுதான் செய்தார். திட்ட யாரும் கிடைக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. சீனுவாசன் சாரிடம் போய் நின்றேன். “திட்டத்துல எடம் இல்லையே ராஜாமணி, நான் இன்னா பண்ணட்டும்” என்றார். தாண்டவராயன் சாரை அதற்கப்புறம் அவர் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசி நாள் சவுரி புது மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, உறை போட்டு மூடிவிட்டு, என் மேஜைக்கு வந்தார்.

“சார், ரெண்டுல ஒண்ணு ஒடைஞ்சி போச்சின்னா என்னத் திரும்பக் கூப்புடுவாங்களா?”

கேட்டு முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ, இன்னா பேசறேன் நான்” என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சிலுவையும் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார். பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்னால் சக்கரத்துக்கு மேலே இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தார்.