அத்தான் பார்த்த வைரக் கொள்ளை, இரண்டாம் பாகம்

என் அக்காவின் கணவர், அதாவது எங்கள் அத்தான், ஒரு சேனலில் சினிமா விமர்சகர். யார் எடுத்த படமாக இருந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது. என் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "முதல் பாதி ஒரே ஜவ்வு, மாப்பிள்ளைக்கு நடிப்பே வரல" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கண் போனது.

முழுக்கப் போகவில்லை. பார்வையின் நடுவில் கறுப்பு விழுந்து ஓரம் மட்டும் மிச்சம். யார் துணையும் இல்லாமல் நடப்பார், குரலை வைத்து ஆளைச் சொல்வார். ஆனால் திரை இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு ஒன்றுமே இல்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆபீசுக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அதற்கப்புறம் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? அதனால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகக் கதை சொல்ல ஆரம்பித்தாள். வண்டி ஓட்டுவது என் வேலை.

முன் சீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? "படம் பாக்க வந்தீங்களா, குடும்பக் கதை பேச வந்தீங்களா?" என்று ஒருவர் கத்தியதிலிருந்து கையால் பேசிக்கொண்டார்கள். அக்கா லேசாகத் தட்டினால் கதாநாயகனுக்குக் காரியம் கைகூடியது. இறுக்கிப் பிடித்தால் ஆள் மாட்டிக்கொண்டான். மிச்சத்தை வசனம் சொல்லிவிடும். விட்டுப்போனதை என் வண்டிக்குள் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கேயே உட்கார்ந்து அத்தான் விமர்சனத்தைப் போனில் பேசி ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்.

அன்றைக்கு ஒரு வைரத் திருடர்கள் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை நல்ல கண்ணோடு பார்த்துக் கிழிகிழியென்று கிழித்திருந்தார். இதில் கடைசிக் கொள்ளை முழுக்க வசனம் கிடையாது, இசையும் கிடையாது. சின்னச் சத்தம் கேட்டாலும் மணி அடித்துவிடும் அறையாம். அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. திடீரென்று அக்கா அவர் கையை நசுக்குகிற மாதிரிப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை. அரங்கம் கைதட்டியது, படம் முடிந்துவிட்டது.

விளக்கைப் போட்டதுமே ஆபீஸ் கேமராக்காரர் உள்ளே வந்து அத்தானைத் தள்ளிக்கொண்டு போனார். மற்ற சேனல்களை முந்த வேண்டுமாம், வாசலிலேயே நேரலை. அக்கா கூட்டத்துக்குப் பின்னால் சிக்கிக்கொண்டாள். நான் வண்டியை விட்டு இறங்கி ஓடிவருவதற்குள் மைக்கை நீட்டிவிட்டார்கள். அத்தான் தலையைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடினார். அந்த ஓரப் பார்வையை வைத்துக்கொண்டு அவ்வளவு கூட்டத்தில் எதைத் தேடுவது?

"திருடன் தப்பிக்கிற படம் எவ்வளவோ பாத்தாச்சு. இதுல கடைசியில அவன் மாட்டுறான் பாருங்க, அந்தத் துணிச்சலுக்கே இந்தப் படத்த..."

"சார், அவன் எங்க மாட்டுனான்? வைரத்தோட போயிட்டானே!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒவ்வொருவனையும் அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு.

வண்டியில் ஏறுவதற்குள் ஆபீஸ் எடிட்டர் போன். அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

"உண்மையச் சொல்லுங்க, தூங்கிட்டீங்களா?"

இத்தனை வருஷத்தில் எந்தக் குப்பைப் படத்திலும் கண் அசராதவர் அத்தான். அவருக்கு இருந்த கர்வமே அது ஒன்றுதான். கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லித் தொலைத்தால் தேவலை என்றும் தோன்றியது.

"ஆமா சார், தூங்கிட்டேன். மன்னிச்சிருங்க."

"இந்த ஒரு தடவை விடுறேன். அடுத்த படத்துக்கு நானே வந்து உங்க பக்கத்துல உக்காருறேன். எப்படித் தூங்குறீங்கன்னு பாக்குறேன்."

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வண்டியை எடுக்கக் கை வரவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அவன் கயித்துல தொங்கினப்போ எனக்கு உயிரே போயிருச்சுங்க. பயத்துல உங்க கையப் புடிச்சுட்டேன். உங்களுக்குச் சொல்லணுங்கறதே மறந்துபோச்சு. பாவி, எனக்காகப் பாத்துட்டேன்."

அத்தான் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"படம் அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.